கண் தெரியாதவருக்கு ஆட்டம் எதற்கு?

2030-ம் வருஷத்துக் காமன்வெல்த் விளையாட்டுப் பந்தயங்கள் ஆமதாபாத்தில் நடப்பதென்று 2025 நவம்பரில் முடிவாகிவிட்டது. 2036-ம் வருஷத்து ஒலிம்பிக்கையும் இந்தியாவுக்கே கொண்டுவந்துவிட வேண்டுமென்று டில்லி சர்க்கார் முயற்சி செய்துகொண்டிருக்கின்றது. இதில் நமக்கு வருத்தமொன்றுமில்லை. சாமியைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாய் ஓடுவதைவிட, மனிதரோடு மனிதர் ஓடிப்பார்ப்பது எவ்வளவோ மேலான காரியம் என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் மைதானம் எத்தனை பெரிது, அதற்கு எத்தனை கோடி என்று பேசுகின்ற கனவான்களில் ஒருவராவது, அந்தப் பந்தயங்களுக்கென்று திறக்கப்போகும் இணையதளத்தின் வாசற்படியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாக நாம் காணவில்லை.

இணையதளத்துக்கு வாசற்படி ஏது என்று சிலர் கேட்கலாம். முன்னெல்லாம் பந்தயம் பார்க்கப் போகிறவர் மைதான வாசலில் காசைக் கொடுத்தார், சீட்டை வாங்கினார். கண் தெரியாதவரும் கையை நீட்டினால் சீட்டு அவர் கைக்கு வந்தது. இப்போது அந்த வாசல் இடம் மாறிவிட்டது. எந்த ஆட்டம் எந்த நாள், எந்த நாற்காலி காலி, என்ன விலை, யார் ஜெயித்தார், எந்த வழியாய் உள்ளே போவது என்ற எல்லாம் இணையதளத்தில்தான் கிடைக்கின்றன. 2025 நவம்பர், டிசம்பரில் சென்னையிலும் மதுரையிலும் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை நடந்தது. நமக்குப் பக்கத்துக் கோவில்பட்டி ஹாக்கிக்குப் பேர்போன ஊர் என்பது எல்லோரும் அறிந்ததே. அந்தப் பந்தயத்துக்குச் சீட்டு இலவசம். ஆனால் அந்த இலவசச் சீட்டையும் இணையத்தின் வழியாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆகவே இணையதளம் என்பது வெறும் விளம்பரப் பலகையல்ல. அதுதான் இன்றைக்குக் கோட்டை வாசல். அது திறக்கவில்லையென்றால் மைதானத்தில் சாய்தளம் போட்டும் பிரயோஜனமில்லை.

கண் தெரியாதவர் இணையத்தைப் படிப்பாரா என்று இன்னும் சந்தேகப்படுகிறவர்கள் ஒன்று செய்யட்டும். தங்கள் கைபேசியின் செட்டிங்ஸில் 'டாக்பேக்' என்ற ஏற்பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்ளட்டும். விரல் படுகின்ற இடத்தில் என்ன எழுதியிருக்கின்றதோ அதை அது தமிழிலேயே வாசித்துச் சொல்லும். கம்ப்யூட்டரில் இதே வேலையைச் செய்ய 'என்.வி.டி.ஏ.' என்ற திரைவாசிப்பான் இருக்கின்றது. 2006-ல் ஆஸ்திரேலியாவில் அதைச் செய்ய ஆரம்பித்த இரண்டு இளைஞர்களும் பார்வையற்றவர்கள். உலக முழுவதற்கும் அதை இலவசமாகவே கொடுத்துவருகிறார்கள். வரி வரியாய் பிரெயில் புள்ளிகள் எழும்பி விரலுக்குத் தட்டுப்படுகின்ற யந்திரமும் உண்டு.

இந்தக் கருவிகளெல்லாம் முக்கியமாய் எழுத்தைத்தான் படிக்கும், படத்தை நம்பும்படி படிக்காது. ஆகையால் ஒரு படத்தையோ சின்னத்தையோ போடுகிறவர், இது இன்னது என்று அதன் பின்னால் நாலு வார்த்தை எழுதி வைக்கவேண்டும். அது பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாது. கேட்கிறவர் காதுக்கு மட்டும் தெரியும். அப்படி எழுதாவிட்டால் கருவி 'படம், படம், பொத்தான், பொத்தான்' என்று கிளிப்பிள்ளை போலச் சொல்லிக்கொண்டே போகும். புள்ளிப் பட்டியலில் எந்த எண் எந்தத் தலைப்புக்கு உரியது என்று குறித்து வைக்காவிட்டால், மூன்று, ஒன்று, ஏழு, இரண்டு என்று ஏலக்காரன் போலக் கத்தும். ஜெயித்தது யார், தோற்றது யார் என்பது தெரியாது. நாற்காலிகளைப் பச்சை, சிவப்பு என்று நிறத்தினால் மட்டும் காட்டினால் கதை முடிந்தது. நீ மனிதன்தானா என்று சோதிப்பதற்காகக் கோணல்மாணலான எழுத்தைக் காட்டிப் படிக்கச் சொல்கிறார்களே, அந்தச் சோதனையில் கண்ணில்லாதவர் மனிதக் கணக்கிலேயே சேராமல் போய்விடுகிறார்! கை நடுங்குகிறவர் மௌஸைப் பிடிக்க முடியாமல் கீபோர்டை மட்டும் கொண்டு நகர்ந்தால் பாதி வழியில் நின்றுவிடும். காது கேளாதவருக்கு, வீடியோவின் கீழே பேச்சை எழுத்தில் போடாவிட்டால் அது ஊமைக்கூத்து. இவ்வளவுதான் சங்கதி. இதில் மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை.

இனி, இந்த விஷயம் ஒரு நியாயஸ்தலத்துக்குப் போன கதையைச் சொல்லுகிறோம். 2000-ம் வருஷம் சிட்னி நகரில் ஒலிம்பிக் நடந்தது. அதை நடத்திய கமிட்டியாருக்கு ஐ.பி.எம். கம்பெனியார் இணையதளம் செய்து கொடுத்தார்கள். புரூஸ் மெகுவயர் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலியர், பிரெயில் யந்திரத்தைக் கொண்டு அந்தத் தளத்தைப் படிக்க முயன்றார், முடியவில்லை. சீட்டு வாங்குவதற்கான விவரப் புத்தகமும் பிரெயிலில் கிடைக்கவில்லை. அவர் தன் தலைவிதி என்று சும்மா இருந்துவிடவில்லை. 1999 ஜூன் 7-ந்தேதி, 1992-ம் வருஷத்து ஊனமுற்றோர் பாகுபாடு தடுப்புச் சட்டத்தின்படி அந்நாட்டு மனித உரிமைக் கமிஷனில் பிராது கொடுத்தார். தளத்தைப் பற்றி அவர் கேட்டவை மூன்றே காரியங்கள்: படங்களுக்கெல்லாம் எழுத்துக் குறிப்பு வேண்டும், கால அட்டவணைப் பக்கத்திலிருந்து விளையாட்டுகளின் பட்டியலுக்குப் போக வழி வேண்டும், பந்தய முடிவுப் பட்டியல்கள் தமக்குப் படிக்கும்படி இருக்கவேண்டும்.

கமிட்டியார் சொன்ன பதில்கள் வெகு ரசமானவை. விளையாட்டுப் பட்டியலுக்கு வழியில்லையென்றால் என்ன, ஒவ்வொரு விளையாட்டின் பக்கத்துக்கும் உள்ள முகவரியை முழுவதும் தட்டி நேரே போய்க்கொள்ளலாமே என்றார்கள். வீட்டு வாசலைப் பூட்டிவிட்டு, கொல்லைச் சுவர் ஏறிக் குதித்து வரலாமே என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அடுத்தபடியாக, இதற்கு 21.8 லட்சம் டாலர் செலவாகும், 1,295 பட்டியல் மாதிரிகளைத் திருத்தவேண்டும், ஒரு ஆள் நாளைக்கு 8 மணி நேரம் வேலை செய்தால் 368 நாள் பிடிக்கும், ஆகவே இது தாங்கமுடியாத கஷ்டம் என்றார்கள். பிராதுக்காரர் பக்கத்து நிபுணர்களோ, அனுபவமுள்ள ஒரு சிறு கூட்டம் நாலே வாரத்தில் முடித்துவிடும் என்று சாட்சியம் சொன்னார்கள்.

நிபுணர் சாட்சியத்தை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு, கமிட்டியார் சொன்ன கணக்கையே வேதவாக்காக ஒப்புக்கொண்டு பார்ப்போம். பிராது வந்தது 1999 ஜூன் 7. அதிலிருந்து 368 நாள் எண்ணினால் 2000 ஜூன் 9. பந்தயம் ஆரம்பமானது செப்டம்பர் 15. அதாவது பிராது வந்த அன்றைக்கே ஒரே ஒரு ஆளை உட்கார வைத்திருந்தால், பந்தயத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்பே வேலை முடிந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை லீவு வேண்டுமென்றால் இன்னொரு ஆளைச் சேர்த்துக்கொண்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல், வேலை செய்யவேண்டிய நாளெல்லாம் வக்கீலை வைத்து வாதாடிவிட்டு, கடைசியில் நாளில்லை என்று சொன்னார்கள். இதற்குப் பெயர் கஷ்டமா? மனமில்லாமையா? இத்தனைக்கும், இணையத்தை எல்லோருக்கும் எட்டும்படி எழுதுவது எப்படியென்று விதிகள் வகுத்து, உலக இணையச் சங்கத்தார் 1999 மே 5-ந்தேதியே, அதாவது பிராதுக்கு ஒரு மாதம் முன்னதாகவே, பிரசுரம் செய்திருந்தார்கள்.

கமிஷன் 2000 ஆகஸ்டு 24-ல் மெகுவயர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, பந்தயம் துவங்கும் செப்டம்பர் 15-க்குள் அம்மூன்று காரியங்களையும் செய்து முடிக்கும்படி உத்தரவு போட்டது. கமிட்டியார் அரையும் குறையுமாய்ச் செய்தார்கள். பந்தயமும் முடிந்தது. நவம்பர் 6-ந்தேதி, 20,000 டாலர் நஷ்டஈடு கொடுக்கவேண்டுமென்று தீர்ப்பாயிற்று. பணம் வந்தது சரி. பந்தயம் திரும்பி வருமா? அதனால்தான் இந்தப் பேச்சை 2030-ல் பேசுவதற்கு நாம் சம்மதிக்கவில்லை. இப்போதே, தளம் கட்டுவதற்கு ஒப்பந்தம் எழுதுகிற காலத்திலேயே பேசவேண்டும் என்கிறோம். வீடு கட்டும்போது வாசல் வைப்பதற்கு யாரும் தனிச் செலவு கேட்பதில்லை. கட்டி முடித்த பிறகு சுவரை இடித்து வாசல் வைக்கச் சொன்னால்தான் கொத்தனார் விலை சொல்லுவார்.

"கண் தெரியாதவருக்கு ஆட்டம் எதற்கு?" என்று கேட்கிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள். கிரிக்கெட்டை இந்த நாட்டு ஜனங்கள் கண்ணால் பார்த்தா கற்றுக்கொண்டார்கள்? டீக்கடை ரேடியோவில் காதால் கேட்டுத்தானே மூன்று தலைமுறை அதற்கு அடிமையானது! 2025 நவம்பரில் நடந்த பார்வையற்ற பெண்களின் முதல் உலகக் கோப்பைக் கிரிக்கெட்டில், கொழும்பில் நடந்த கடைசி ஆட்டத்தில் இந்தியப் பெண்கள் நேபாளத்தை ஜெயித்துக் கோப்பையைக் கொண்டுவந்தார்கள். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்ததே, அந்த ஒலிம்பியாட் வரிசையில் பார்வையற்றோர் சங்கத்தின் அணி ஒரு நாட்டின் அணியைப் போலவே பல வருஷங்களாய்ச் சேர்ந்து ஆடி வந்திருக்கின்றது. காமன்வெல்த் பந்தயங்களில் ஊனமுற்ற வீரர்களின் பதக்கமும் 2002 முதல் அந்தந்த நாட்டுக் கணக்கிலேயே சேருகின்றது. பதக்கம் வாங்கிக் கொடுக்க அவர்கள் வேண்டும். பதக்கப் பட்டியலைப் படிக்க மட்டும் வேண்டாமாம்! சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு 2016, 2021, 2024 ஆகிய மூன்று பாராலிம்பிக்கிலும் பதக்கம் வாங்கியபோது தட்டாத கை உண்டா?

எத்தனை பேருக்காக இந்தப் பாடு என்பது இன்னொரு கேள்வி. 2011-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி இந்தியாவில் பார்வைக் குறையுள்ளவர்கள் மட்டும் 50 லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டில் எல்லாவித ஊனமுற்றோரும் சேர்த்து 11 லட்சத்து 79 ஆயிரத்துக்கு மேல். இவர்களை விட்டாலும், திருநெல்வேலியில் 1988 முதல் நடந்துவருகின்ற அரவிந்த் கண்ணாஸ்பத்திரியின் வாசலில் ஒரு காலைப்பொழுது நின்று பாருங்கள். அம்பாசமுத்திரத்திலிருந்தும் நாங்குநேரியிலிருந்தும் வந்து உட்கார்ந்திருக்கின்ற கிழவர் கிழவியரில் எவர் முன்பிறவியில் கண் தெரியாதவராய்ப் பிறந்தார்? வயது போனால் எல்லோர் கண்ணும் மங்கத்தான் மங்கும். சாம்பல் நிறத்தில் பொடி எழுத்துப் போட்டிருக்கின்ற தளம் இன்றைக்கு வாலிபனாயிருக்கின்ற வாசகருக்கும் நாளைக்கு அடைபட்டுப் போகும்.

இனி ஒரு தந்திரத்தைப் பற்றி எச்சரிக்கை செய்யவேண்டும். "பொதுத் தளம் அப்படியே இருக்கட்டும், ஊனமுற்றவர்களுக்கென்று வேறாக ஒரு சின்னத் தளம் செய்து தருகிறோம்" என்று தயாள குணத்தோடு சொல்லுவார்கள். இந்தத் தயாளத்தை நமது தாமிரபரணிக் கரை நன்றாய் அறியும். சேரன்மாதேவியில் வ.வே.சு. அய்யர் நடத்திய குருகுலத்துக்குக் காங்கிரஸ் கமிட்டியிலிருந்து 5,000 ரூபாய் பொதுப்பணம் போயிற்று. அங்கே இரண்டு பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிச் சாப்பாடு, மற்றப் பிள்ளைகளுக்கு வேறு பந்தி. 1924, 25-ம் வருஷங்களில் அது வெளிவந்து தமிழ்நாடே கொதித்தது. அந்தச் சண்டையிலிருந்துதான் நமது இயக்கத்துக்கு வலு வந்தது. சாப்பாடு எல்லோருக்கும்தானே போடுகிறோம், பந்தி வேறானால் என்ன என்றுதான் அன்றும் சமாதானம் சொன்னார்கள். இணையத்தில் இந்த வேறு பந்தி என்ன ஆகும் தெரியுமா? பெரிய தளத்தில் ஆட்டத்தின் நேரம் மாறினால் உடனே திருத்துவார்கள்; சின்னத் தளத்தில் பழைய நேரமே நாலு நாள் நிற்கும். சீட்டு விற்பனை பெரிய தளத்தில் திறக்கும். சின்னத் தளத்தில் 'இந்த நம்பருக்கு டெலிபோன் செய்க' என்றிருக்கும். அந்த டெலிபோனை எடுக்க ஆளிராது. ஆகவே ஒரே தளம், ஒரே வாசல், எல்லோருக்கும் என்பதைத் தவிர வேறெதையும் ஒப்புக்கொள்ளக் கூடாது.

இவ்வளவு சுலபமான காரியம் ஏன் நடக்கவில்லை என்று யோசித்தால், பணத்தில் முட்டுவதில்லை, புத்தியில்தான் முட்டுகின்றது. கண் தெரியாமல் பிறந்தவன் முன்ஜென்மத்தில் செய்த பாவத்தை அனுபவிக்கிறான் என்று நமது புராணக்காரர்கள் ஜனங்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். கடவுள் கொடுத்த தண்டனையில் கம்ப்யூட்டர்க்காரன் தலையிடுவதாவது! அவனுக்குக் காசு போடு, புண்ணியம் உனக்கு என்பது இதன் அடுத்த பாகம். எனவே கோவில் வாசலில் அவன் உட்கார இடமுண்டு. பந்தய மைதானத்தில் இல்லை. பிச்சைக்கு நீட்டுகிற கைக்கு அரையணா விழும். சீட்டுக்கு நீட்டுகிற கைக்கு ஒன்றும் விழாது. 2018 அக்டோபரில் 144 வருஷத்துக்கு ஒருமுறை வருவதென்று சொல்லித் தாமிரபரணியில் புஷ்கரம் கொண்டாடினார்களே, பாபநாசத்திலிருந்து கடல்முகம் வரையில் படித்துறை படித்துறையாய் ஏற்பாடு நடந்ததே, அப்போது இது தாங்கமுடியாத கஷ்டம் என்று யாராவது சொன்னார்களா?

இது போதாதென்று 2015 டிசம்பரில் பிரதமர் மோடி ரேடியோவில் பேசி, ஊனமுற்றவர்களை 'திவ்யாங்' என்று அழைக்கவேண்டும், அதாவது தெய்வீக அங்கம் உடையவர் என்று சொல்லவேண்டும் என்றார். பிறகு டில்லி இலாகாவின் பெயரிலும் அந்த வார்த்தை ஏறிவிட்டது. நேற்று வரையில் பாவத்தின் பலன். இன்றைக்கு ஒரே தாவலில் தெய்வீகம்! பாவமும் வேண்டாம், தெய்வீகமும் வேண்டாம். தெய்வீகமானவருக்குச் சாம்பிராணி காட்டலாம்; சீட்டு விற்கவேண்டியதில்லை அல்லவா? அவர்கள் கேட்பதெல்லாம் மனிதருக்குள்ள பாத்தியதைதான்.

இந்தப் பாத்தியதையைப் பற்றி நமது ஜில்லாவுக்குச் சொல்லிக்கொள்ள ஒரு சங்கதி உண்டு. பாளையங்கோட்டையில் 1890-லேயே ஆஸ்க்வித் என்ற ஆங்கில மாது பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆரம்பித்துப் புள்ளி எழுத்தில் படிப்புச் சொல்லிக்கொடுத்தார். அதே பத்தாண்டுக்குள் ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற மாது காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் வைத்தார். இரண்டும் இன்றைக்கும் நடக்கின்றன. அவர்கள் பாதிரிமார் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள், அவர்கள் கடவுளிடத்தும் நமக்கு வழக்கு உண்டு. ஆனாலும் விதி என்று விட்டுவிடாமல் விரலுக்கு எழுத்தைக் கொடுத்தார்களென்பதை மறைக்க நாம் தயாராயில்லை. ஆய்க்குடியில் 1981 முதல் அமர் சேவா சங்கம் நடக்கின்றது. ராணுவ உத்தியோகத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலற்றுப்போன எஸ். ராமகிருஷ்ணன் என்பவரே அதை ஸ்தாபித்தவர். 130 வருஷத்துக்கு மேலாக எழுத்தறிவு பெற்றுவருகின்ற ஒரு கூட்டத்தாருக்கு, படிக்க முடியாத பக்கத்தைக் கொடுத்துவிட்டு, படிக்கத் தெரியாதவர் என்று அவர்களைச் சொல்லுவது யோக்கியமாகுமா?

தமிழுக்கென்று தனியாக ஒரு கோளாறும் இருக்கின்றது. பந்தய அறிவிப்புகளையும் தேர்வுப் பட்டியல்களையும் காகிதத்தில் அச்சடித்து, அதைப் படமெடுத்து, பி.டி.எஃப். என்று தளத்தில் ஏற்றிவிடுகிறார்கள். கருவிக்கு அது வெறும் வெள்ளைத் தாள். இல்லாவிட்டால் பாமினி, வானவில் முதலிய பழைய எழுத்துருவில் தட்டியதை அப்படியே ஏற்றுகிறார்கள். கண்ணுக்கு அது தமிழ். கருவி வாசித்தாலோ மாரியம்மன் கோவில் சாமியாடி உளறுவதைப் போலிருக்கும். யூனிகோடு எழுத்தைக் கையாளவேண்டுமென்று தமிழ்நாட்டு சர்க்கார் 2010-லேயே உத்தரவு போட்டாயிற்று. கபடிப் பந்தயம் நடத்துகிற ஊர்ச் சங்கத்தாரும், வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் படத்தை அனுப்பும்போது அதன் கீழே அதே சங்கதியை நாலு வரி தட்டி விட்டால் போதும். இதற்கு 21.8 லட்சம் டாலர் ஆகாது.

சட்டமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 2016-ம் வருஷத்து ஊனமுற்றோர் உரிமைச் சட்டத்தின் 30-வது பிரிவு விளையாட்டைப் பற்றியும், 42-வது பிரிவு தகவல் சாதனங்களைப் பற்றியும் சர்க்காரின் கடமையைச் சொல்லுகின்றன. தனியார் கம்பெனிகளையும் அச்சட்டம் விட்டுவிடவில்லை. ஆனால் 2017-ல் செய்த விதிகளில், கட்டாயம் என்பதை யோசனை என்று ஆக்கிவிட்டார்கள். 2024 நவம்பர் 8-ந்தேதி சுப்ரீம் கோர்ட்டார் ராஜீவ் ரதூரி வழக்கில் அந்த 15-வது விதி சட்டத்துக்கு விரோதமென்று தள்ளிவிட்டு, மூன்று மாதத்தில் கட்டாய விதிகள் செய்யும்படி உத்தரவிட்டார்கள். 2025 ஏப்ரல் 30-ந்தேதி பிரக்யா பிரசூன் வழக்கில், இணைய வசதி எட்டுவது அரசியல் சட்டம் 21-வது பிரிவு கொடுக்கின்ற உயிர்வாழும் உரிமையிலேயே அடங்கியது என்றும் தீர்ப்பளித்தார்கள். சேவையாகக் கேட்பதற்கு இனி ஒன்றுமில்லை, பாக்கியாகத்தான் கேட்கவேண்டும்.

ஆகவே வாசகர்கள் செய்யவேண்டிய காரியம் இதுதான். ஆமதாபாத் பந்தயத்துக்கு இணையதளமும் சீட்டு விற்பனையும் செய்துகொடுக்கிற கம்பெனியோடு போடும் ஒப்பந்தத்திலேயே, பார்வையற்றவரும் செவி கேளாதவரும் கை வழங்காதவரும் உட்கார்ந்து சோதித்துப் பார்த்துச் சரியென்று சொன்ன பிறகே பணம் என்று எழுதவேண்டுமென, டில்லி விளையாட்டு மந்திரிக்கு ஊர் ஊராக விண்ணப்பம் போகவேண்டும். நம்மூரில் அதுவரையில் காத்திருக்க வேண்டியதில்லை. முதலமைச்சர் கோப்பைப் பந்தயங்களில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று பிரிவு இருக்கின்றது. அதற்கும் பெயர் பதிவது இணையத்தில்தான். அடுத்த முறை பதிவு திறக்கிற அன்று, பாளையங்கோட்டையில் படிக்கின்ற பார்வையற்ற மாணவர் ஒருவர் யார் துணையுமில்லாமல் ஆரம்பம் முதல் கடைசி வரை அதை முடிக்க முடிகின்றதா என்று பார்த்து, எந்த இடத்தில் நிற்கின்றதோ அந்த இடத்தைக் குறித்து, பாளையங்கோட்டை அண்ணா ஸ்டேடியத்திலுள்ள விளையாட்டு அதிகாரிக்கு எழுதலாம். விண்ணப்பத்தோடு பிரெயில் நகல் ஒன்றையும் சேர்த்து அனுப்புவது நல்லது. வாங்குகிறவர்களுக்கு அதைப் படிக்கத் தெரியாவிட்டால், படித்துச் சொல்லப் பாளையங்கோட்டையில் ஆட்கள் இருக்கின்றார்கள்.